ஆடிப்பூரத்தன்று கூட்டிய பொதுக்கூட்டம்

"ஏம்மா, இந்த ஏழு பேருல வாசிக்கத் தெரிஞ்சது நீ ஒருத்திதான். அப்ப இது சங்கமா, இல்ல நீ மட்டுமா?"

சங்கங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் எங்கள் மனுவைப் புரட்டிப் பார்த்த எழுத்தர் இப்படிக் கேட்டார். மூன்று நான்கு வருஷத்துக்கு முன், எண்பதுகள் முடியப்போகும் சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது. பி.ஏ. முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலேஜ் போனது எங்கள் தெருவிலேயே நான்தான். மனுவின் கீழே ஆறு பெருவிரல் ரேகைகளும் ஒரு கையெழுத்தும் இருந்தன. அந்த ஒரு கையெழுத்தை வேண்டுமென்றே ஆங்கிலத்தில் போட்டிருந்தேன்.

"சங்கம்தான் சார். நான் செயலாளர். வாசிக்கிறதும் எழுதுறதும் என் வேலை. அதுக்குத்தான செயலாளர்?"

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, "சரி, பாப்போம்" என்று முத்திரையை எடுத்தார். ராஜபாளையம் வந்து சேரும்வரை பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவர் கேட்டதில் ஏதாவது இருக்குமோ என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

சங்கம் எதற்காக என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடங்கள் அதிகம். என் அம்மா பன்னிரண்டு வயதிலிருந்து அங்கேதான் வேலை பார்த்தாள். கைப்பிள்ளைக்காரிகள் தறிக்குப் பக்கத்திலேயே சேலையில் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டுக்கொண்டு நெய்வார்கள். பஞ்சுத் தூசி குடித்துப் பிள்ளைகள் எந்நேரமும் இருமும். ஒரு வருஷம் அப்படி இருமிய பிள்ளைகளில் ஒன்று பிழைக்கவில்லை. ஐந்து மாதக் குழந்தை. அது சித்தியின் பேத்தி.

சித்தி என்று நான் கூப்பிட்டாலும் அவர் எங்களுக்கு உறவில்லை. அம்மாவுக்கு அடுத்த தறியில் நின்றவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். பேத்தியைப் புதைத்துவிட்டு வந்த வாரத்திலேயே தறிக்கூட முதலாளியிடம் போய் நின்றார். சும்மா கிடந்த நூல் குடோன் ஒன்றைக் கேட்டு ஒரு மாதம் விடாமல் நச்சரித்து வாங்கினார். அங்கே எட்டுத் தொட்டில் கட்டினார். முழங்கால் வலியால் தறியில் நிற்க முடியாமல் போன ஒருத்தியைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உட்கார வைத்தார். பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் அரசாங்கத் திட்டத்தில் பாலும் மருந்தும் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். சித்தி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஏட்டி, நீ இம்புட்டுப் படிச்சது எதுக்கு? இதுக்கு ஒரு வழி பண்ணு."

வழி பண்ணினேன். அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு வாசகசாலைச் சங்கத்தின் பழைய விதிகள் ஒரு கட்டு இருந்தது. ஊரில் யார் சங்கம் தொடங்கினாலும் அதைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். நானும் பெயரையும் நோக்கத்தையும் மட்டும் மாற்றிவிட்டு மீதியை அப்படியே அடித்தேன். அதில் ஒரு விதி இருந்தது. தொடர்ந்து மூன்று பொதுக்கூட்டங்களுக்கு, எழுத்து மூலம் தகவல் தராமல் வராத உறுப்பினர் தகுதி இழப்பார். படித்தவர்கள் கூடும் வாசகசாலைக்கு அது பொருத்தமான விதி. எழுதத் தெரியாத ஆறு பேரை வைத்துக்கொண்டு அதை அடிக்கும்போது என் விரல் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

ரேகை வைத்த அன்று குடோனில் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்தின் பெயரையும் நோக்கத்தையும் வாசித்துக் காட்டிவிட்டு மைப்பெட்டியைத் திறந்தேன்.

சித்தி தாள்களைத் தொட்டுப் பார்த்தார். "நீ வாசிச்சது ஒரு பக்கம்தான. மிச்சம் அம்புட்டுப் பக்கத்துலயும் என்னட்டி இருக்கு?"

"அதெல்லாம் ஆபீஸுக்கு, சித்தி."

"ஆபீஸுக்குன்னா நமக்கு இல்லையா?"

"எல்லாம் சட்டம். வாசிச்சா உங்களுக்குத் தூக்கம்தான் வரும்."

என் அம்மா பெருமையாகச் சிரித்தாள். "விடுங்க மதினி. எம்புள்ள எழுதுனா சரியாத்தான் இருக்கும்." முதலில் விரலை நீட்டியதும் அவள்தான்.

முதல் இரண்டு வருஷம் நன்றாகவே போனது. வாரத்தில் ஒரு நாள் கரண்டை நிறுத்துவார்கள். அன்று தறி ஓடாது. அந்த நாளில் எல்லாரும் குடோனில் கூடித் தொட்டில் துணி துவைத்துக்கொண்டே பேசுவோம். எந்தப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, யார் பால் காய்ச்சுவது, யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது என்று எல்லாம் அங்கேதான் முடிவாகும். நடுவில் புளி விலையும் மாமியார் கதையும் வரும். அதையெல்லாம் நான் கூட்டம் என்று நினைக்கவே இல்லை. தீர்மானப் புத்தகத்தில் அவற்றில் ஒன்றைக்கூட எழுதவில்லை. மேசை, நாற்காலி, பதினோரு மணி, வரவேற்புரை, நன்றியுரை இருந்தால்தான் எனக்குக் கூட்டம்.

பிறகு திட்டத்துக்கு எங்கள் மனுவைப் பரிசீலிக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். பஞ்சு ஒட்டிய தலையோடு ஆறு பேரும் தறியிலிருந்து ஓடி வந்து வரிசையாக நின்றார்கள். அதிகாரி சித்தியிடம், "தலைவி நீங்கதானா? சங்கத்தோட குறிக்கோள் என்னன்னு சொல்லுங்க" என்றார்.

"குறிக்கோளா? பிள்ளையத் தொட்டில்ல போடுததுதான்."

"அது சரி. வேற?"

"வேற என்ன, ஆட்டுததுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எனக்கு மட்டும் காது மடல் சுட்டது. விதிப் புத்தகத்தில் குறிக்கோள் என்று நான் அடித்திருந்த பத்து வரிகளையும் அந்த நேரத்தில் கடகடவென்று ஒப்பித்தேன். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். ஜீப்பில் ஏறும்போது அதிகாரி என்னிடம் மட்டும், "நல்லா பண்றீங்கம்மா. கமிட்டியில கொஞ்சம் படிச்சவங்களையும் சேத்துக்கிட்டா உங்களுக்குச் சுமை குறையும்" என்றார்.

சேர்த்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துவிடச் சொல்லவில்லை. இதைப் பின்னாளில் எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னோடு காலேஜில் படித்த ஒருத்தி ஆசிரியையாக இருந்தாள். அவள் மூலம், அவளையும் சேர்த்து, ஆசிரியைகளும் அவர்களுக்குத் தெரிந்த பெண்களுமாக ஆறு பேர் கிடைத்தார்கள். நல்லவர்கள். இஸ்திரி போட்ட சேலை, தோளில் பை, பைக்குள் பேனா. அவர்களோடு உட்காரும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர்களை உறுப்பினராகச் சேர்க்கும் தீர்மானத்தில் தறிக்காரிகள் ஆறு பேரும் சந்தோஷமாக ரேகை வைத்தார்கள். "டீச்சர்மாரு வாராகளா? வரட்டும். நம்ம பிள்ளைகளுக்கு நாலு எழுத்துச் சொல்லிக் குடுப்பாக" என்றார் சித்தி.

அதற்குப் பிறகு பொதுக்கூட்டங்களை ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் இருந்த தோழியின் வீட்டில் வைத்தேன். முதல் கூட்டத்துக்குத் தறிக்காரிகள் யாரும் வரவில்லை. தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போய்விடும். பஸ் பிடித்து ஊர் விட்டு ஊர் யார் வருவார்? வருகைப் பதிவில் 'வரவில்லை' என்று எழுதினேன். அப்போது மனதில் எதுவும் இல்லை. இரண்டாவது கூட்டத்திலும் அதையே எழுதும்போதுதான் அந்தப் பழைய விதி நினைவுக்கு வந்தது. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்தேன். இன்னும் ஒன்றுதான் என்று கணக்குப் போட்டேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. ஆசிரியைகளுக்கு அந்த விதி இருப்பதே தெரியாது.

மூன்றாவது கூட்டத்தை ஆடிப்பூரத்தன்று வைத்தேன்.

ஆடிப்பூரத்தன்று ஆண்டாளுக்குத் தேர். இந்த இரண்டு ஊர்களிலும் சுற்று வட்டாரத்திலும் அன்றைக்கு யாரும் வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டார்கள். தறிக்கூடங்கள் மூடியிருக்கும். சின்னக் குழந்தைகூட அன்றைக்கு ஒரு கூட்டம் கூட்டாது. ஆனால் மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை. பள்ளிக்கூடம் கிடையாது. ஆசிரியைகளுக்கு வசதியான நாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. அதுதான் அதில் மோசம்.

விதிப்படி இருபத்தொரு நாளுக்கு முன்பே எல்லாருக்கும் தபாலில் அறிவிப்பு அனுப்பினேன், என் அம்மாவுக்கும் சேர்த்து. அனுப்பியதற்குத் தபாலாபீஸில் சான்று வாங்கிக் கோப்பில் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்து, தறி விட்டுப் போகிற வழியில் சித்தி அந்தக் கவரைப் பிரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு வரும் எந்தக் கடுதாசியையும் வாசித்துச் சொல்வது நான்தானே.

"தபால்காரர் குடுத்தாரு. பட்டாளத்துல இருந்து தம்பி போட்டிருக்கானோன்னு பாத்தேன். என்னன்னு பாருட்டி."

நான் அனுப்பிய கவரை நானே பிரித்தேன். உள்ளே என் எழுத்து. வாசிப்பதுபோல் கண்ணை ஓட்டினேன்.

"மீட்டிங்குதான் சித்தி. ஆடிப்பூரத்தன்னைக்கு."

"தேரு அன்னைக்கா? எந்தக் கிறுக்கன் வச்சான்?"

"டீச்சர்மாருக்கு அன்னைக்குத்தான் லீவு. நீங்க தேருக்குப் போங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"போகலாமா? ஒண்ணும் வராதே?"

"ஒண்ணும் வராது."

அடுப்படியிலிருந்து அம்மா, "அப்ப நானும் போறேன்" என்றாள். சரி என்றேன்.

அன்று தோழியின் வீட்டில் பதினோரு மணிக்குக் கூடினோம். பாதிப் பேர் இருந்தால் போதும் என்பதால் கூட்டத்தில் குறையில்லை. ஊரே கோயில் பக்கம் போயிருந்ததால் தெரு காலியாக இருந்தது. தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது, நடுவில் நின்றது, மறுபடி கேட்டது. விதியை வாசித்தேன். வருகைப் பதிவைக் காட்டினேன். ஆறு பேர் தகுதி இழந்தார்கள். ஒருத்தி, "உங்கம்மா பேரும் இதுல இருக்கே?" என்றாள். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றேன். அவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது என்பதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. புதிய நிர்வாகக் குழுவின் படிவத்தை நிரப்பி அலுவலகத்தில் கொடுத்தேன். பதிவாயிற்று.

ஆறு பேரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. குடோன் சுவரில் புதிய குழுவின் பெயர்களை எழுதிய பலகையை மாட்டினேன். சித்தி தினமும் விடிந்ததும் வந்து அந்தப் பலகைக்குக் கீழே பெருக்கிவிட்டுத் தறிக்குப் போனார்.

திட்டத்தில் அனுமதி கிடைத்தது. பாலும் மருந்தும் வந்தன. அதோடு படித்த குழுவுக்கு ஒரு பயமும் வந்தது. கைக்குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அரசாங்கத்துக்கு யார் பதில் சொல்வது? ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இனிச் சேர்ப்பதில்லை என்று ஒரு தீர்மானம் தயாராயிற்று. அவர்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் குடோன் எந்த வயதுப் பிள்ளைக்காகக் கேட்டு வாங்கப்பட்டது என்பது எங்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

குடோனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அந்த முழங்கால் வலிக்கார ஆயா மூலம் விஷயம் தறிக்கூடத்துக்குப் போய்விட்டது. தீர்மானத்தை நிறைவேற்றக் குழு குடோனிலேயே கூடிய அன்று, சித்தி தறியை நிறுத்திவிட்டு வந்தார். தலையெல்லாம் பஞ்சு. இடுப்பில் யாரோ ஒருத்தியின் நான்கு மாதப் பிள்ளை.

"தொட்டிப் பிள்ளைய எடுக்க மாட்டீகளாமே? நான் தலைவி. இதுக்கு ஒத்துக்கிட மாட்டேன். எழுதிக்கிடுங்க."

ஆசிரியைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் மெதுவாகத்தான் சொன்னார். "அம்மா, நீங்க இப்ப உறுப்பினர் இல்லையே. கூட்டம் முடியிற வரைக்கும் கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

சித்தி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "என்னட்டி சொல்லுதாக?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "செத்த நேரம் வெளிய இருங்க சித்தி."

அவர் போய்விட்டார். தீர்மானம் நிறைவேறியது. நான்தான் எழுதினேன். எல்லாரும் பஸ்ஸுக்குப் போனபின் வெளியே வந்தேன். சித்தி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து மடியில் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எம் பேரை எப்ப அடிச்ச?"

"ஆடிப்பூரத்தன்னைக்கு."

"நீதான தேருக்குப் போகச் சொன்ன?"

"ஆமா."

"போகலாமான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க."

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னைக்கு உனக்கும் சேத்துத்தான வளையல் வாங்கியாந்தேன்" என்றார். உண்மைதான். பச்சை வளையல். துணி துவைக்கும்போது இரண்டே வாரத்தில் உடைந்துவிட்டது. எனக்கு மறந்தே போயிருந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நானே சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எம் பேரும் இல்லையா?"

"இல்லம்மா."

"எழுதுனது நீதான?"

"நான்தான்."

"அப்பச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினாள். அன்று நான் சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மறுநாளிலிருந்து தொட்டில்கள் பழையபடி தறிக்கூடத்துக்குப் போயின. அம்மா தறியில் நிற்கும்போது பக்கத்திலேயே ஒரு பிள்ளை இருமுவதாக வந்து சொல்வாள். நான் விதிப் புத்தகத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். அடித்ததோடு சரி, முழுதாக வாசித்தது அன்றுதான். செயலாளர் நினைத்தாலும் பழையபடி மாற்றிவிட வழியில்லை. ஆனால் முறைகேடாக நீக்கப்பட்டவர்கள் புகார் கொடுத்தால் பதிவாளர் விசாரிக்கலாம். புகார் எழுத வேண்டும். அவர்களுக்கு எழுதிக் கொடுக்க என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

ஒரு வாரம் தயங்கிவிட்டு, கரண்ட் இல்லாத நாளில் சித்தி வீட்டுக்குப் போனேன். அம்மாவையும் சேர்த்து மற்ற ஐந்து பேரும் அங்கே இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"உம் மேல நாங்க பிராது குடுக்கணும், அதை நீயே எழுதப்போற?" என்றார் சித்தி. "நல்ல கூத்தா இருக்கே!"

"நீங்க சொல்லுங்க. சொல்லுத மாதிரியே எழுதுதேன்."

"எழுது. இவ எங்கள ஏமாத்திட்டா."

எழுதினேன்.

"கடுதாசிய இவளே போட்டா, இவளே படிச்சா, தேருக்குப் போகச் சொல்லி இவளே பேரை அடிச்சா. எழுதிட்டியா? எங்க பேரை மறுபடி எழுதணும். கைப்பிள்ளைகளுக்குத் தொட்டி கட்டணும். இவ செயலாளரா இருக்கப்படாது."

"அது வேண்டாம் மதினி" என்றாள் அம்மா. "சின்னப் புள்ள."

"பி.ஏ. படிச்ச சின்னப் புள்ள! சும்மா இருங்க. எழுதுட்டி."

எழுதி முடித்து வாசிக்க வாயெடுத்தேன். சித்தி தாளைப் பிடுங்கிக்கொண்டார். "நீ வாசிச்சா நான் நம்பணுமாக்கும்?" என்று செருப்பை மாட்டினார். தெருமுனை மருந்துக்கடைக்கு எல்லாரும் பின்னால் போனோம். கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மருந்துச் சீட்டு வாசிக்கிற அதே உரத்த குரலில் முதலிலிருந்து வாசித்தார். இருமல் மருந்து வாங்க நின்றவர்கள், சைக்கிளை நிறுத்தியவர்கள், என்னைக் காலேஜ் போகும்போது வேடிக்கை பார்த்த தெருக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். என் பெயர் வந்த இடத்தில் அவர் நிறுத்தி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மேலே வாசித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வரியும் குறைவில்லை என்று தெரிந்தபிறகுதான் சித்தி மைப்பெட்டியை நீட்டச் சொன்னார். ஐந்து பேர் வைத்தார்கள். கடைசியாக அம்மா வைத்தாள், என்னைப் பார்க்காமல்.

இது நடந்து பத்து நாள் ஆகிறது. விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆசிரியைகள் எதிர்த்தால் வருஷக்கணக்கில் இழுக்கலாம். சித்தி என்னோடு பேசுவதில்லை. தெருவில் எதிரே வந்தால் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு தாண்டிப் போகிறார்.

ரேகை வைத்த மறுநாள் காலை புகாரைப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். என் ராஜினாமாவைத் தனிக் கவரில் அனுப்பினேன். தீர்மானப் புத்தகத்தையும் வருகைப் பதிவையும் பையில் எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். மடவார் வளாகத்தில் தோழியின் வீட்டுக் கதவைத் தட்டினேன். "கூட்டம் இன்னைக்கு இல்லையே?" என்று கேட்டுக்கொண்டே திறந்தாள். நின்றபடியே, அறிவிப்புக் கவரை நான் பிரித்து வாசித்ததிலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். பிறகு மற்ற ஐந்து வீடுகளுக்கும் போனேன்.